எழுத்துக்கு எழுத்து மாறும் ஸாப்ஃபினோ

ஸாப்ஃபினோ, ரோமன் எழுத்துகளுக்காக உருவான கையெழுத்துச் சாயல் எழுத்துரு. பலட்டினோ, ஆப்டிமா ஆகியவற்றைத் தந்த ஜெர்மானியர் ஹெர்மன் ஸாப்ஃப் (1918–2015) இதை வடிவமைத்தார். லினோடைப் நிறுவனம் 1998-ல் வெளியிட்டது. ஆப்பிள் கணினிகளோடு சேர்ந்தே வருவதால், பெயர் தெரியாமலே இதை அழைப்பிதழ்களில் பார்த்தவர்கள் ஏராளம்.

நூரெம்பர்க்கில் பிறந்த ஸாப்ஃப் எழுத்துக்கலையை நூல்களை வைத்துத் தானாகவே கற்றவர். போர்க்காலத்தில் அவருக்குப் படையில் வரைபடம் வரையும் வேலை. 1944-ல் தம் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் பேனாவால் எழுதிப் பார்த்த எழுத்து வரிசைதான் ஸாப்ஃபினோவின் வித்து.

அந்தப் பக்கம் எழுத்துருவாக அரை நூற்றாண்டு பிடித்தது. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு ஈயக் கட்டையின் தலையில் நிற்கிறது. வால் கட்டையின் விளிம்பைத் தாண்டி நீண்டால் பக்கத்துக் கட்டை இடிக்கும். நீண்டு நிற்கும் ஈயமும் எளிதில் ஒடியும். 1948-ல் ஸ்டெம்பெல் வார்ப்பகத்துக்காகச் செய்த விர்ச்சுவோசா எழுத்தில் வளைவுகளை அவர் அடக்கி வரைய நேர்ந்தது இதனால்தான். கணினியில் கட்டை என்பது வெறும் கணக்கு. கோடு அதை மீறி எவ்வளவு தூரமும் ஓடலாம். 1993-ல் டேவிட் சீகல் என்ற அமெரிக்கர், ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் கொண்ட எழுத்துரு ஒன்றுக்காக ஸாப்ஃபை அணுகினார். அந்தத் திட்டம் பாதியில் நின்றது. ஸாப்ஃப் அதை லினோடைப்பிடம் கொண்டுபோய் முடித்தார்.

பல வடிவங்கள் எதற்கு? ஒரே சொல்லில் இரண்டு முறை வரும் எழுத்தைக் கை ஒரே மாதிரி எழுதுவதில்லை. கையெழுத்துபோல் நடிக்கும் எழுத்துரு பிடிபடுவது இந்த இடத்தில்தான். ஸாப்ஃபினோ முதலில் நான்கு எழுத்து வரிசைகளோடு வந்தது. எதை எங்கே இடுவது என்பதை அச்சுக்கோப்பவரே தேர்ந்தார். பிறகு அந்தத் தேர்வையும் எழுத்துருவே ஏற்றது. பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் தானாக மாறும். சில எழுத்துகள் சேர்ந்து ஒரே உருவாகும். ஸ், ரீ என்று தட்டினால் 'ஸ்ரீ' என்ற ஒற்றை உரு வருகிறதே, அதே நுட்பம்தான். ஆப்பிள் கணினியில் 'ஸாப்ஃபினோ' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஏழு எழுத்துகளும் இணைந்து, ஒரே வீச்சில் எழுதிய கையொப்பம்போல நிற்கும்.

இதன் 'எஃப்' எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அழகும் சிக்கலும் ஒருசேரத் தெரியும். மேலே வலப்பக்கம் தொடங்கும் கோடு சரிந்து இறங்கி, அடிவரியைத் தாண்டி இடப்பக்கம் வெகுதூரம் வளைகிறது. நடு உடலோ மிகச் சிறியது. ஆகவே வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். இல்லையேல் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் சிக்கும். முழுக்கப் பெரிய எழுத்துகளில் அடித்தால் வாசிக்கவே முடியாது. எழுத்துகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் இணைப்புகள் அறுந்து, கை எழுதிய ஓட்டம் போய்விடும். ஒரு பெயர், ஒரு தலைப்பு, மிஞ்சினால் இரண்டு வரி: அதுவே இதற்குரிய இடம். சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடுகள் உடைந்து தெரியும். எழுத்துரு வடிவமைப்பாளர் அகிரா கோபயாஷியுடன் சேர்ந்து ஸாப்ஃப் விரிவாக்கிய ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ராவில் ஃபோர்ட்டே என்ற தடித்த வடிவமும் இருக்கிறது. அத்தகைய தாளுக்கு அதுவே ஏற்றது.