உழவு எந்திரத்தின் ஓசையறிதல்

நாஞ்சில் என்பது கலப்பையின் பெயர். அப்பெயர் கொண்ட நம் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டிற்கும் இன்று டிராக்டரே பெரும்பாலும் உழுகின்றது. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் வயலில் பாய்ந்தபின் அது பழுதாகி நின்றுவிடின் நடவு பிந்தும், நாற்றும் முற்றிவிடும். ஆதலின் அதன் ஓசையைப் பருவத்திற்கு முன்னரே கவனித்தல் வேண்டும்.

எஞ்சினுள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்பின், உடனே நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்க்க. குறைந்திருப்பின் நிரப்புக. பின்னும் ஒலி நீங்காவிடின், ஓட்டாது மெக்கானிக்கை அழைக்க. கீச்சென்ற ஒலி விசிறிப் பெல்ட் தளர்ந்தமையைக் காட்டும்; எஞ்சினை நிறுத்திய பின்னரே அதனைத் தொடுக. சக்கரத்தில் உறுமல் எழுமாயின், சேற்றுநீர் புகுந்து பேரிங் தேய்ந்திருக்கலாம். காலத்தில் மாற்றினால் பேரிங்கின் செலவோடு போம். தாமதித்தால் அச்சும் கெடும்.