வாடகைப் பத்திரமும் அரசின் கண்ணும்

வீட்டுக்காரருக்கும் குடியிருப்போருக்கும் வழக்கு மூண்டால் வாய்ச்சொல் நில்லாது, எழுத்தே நிற்கும். அவ்வெழுத்தோ பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெட்டியிலே பூட்டிக் கிடக்கிறது. வலியவர் கையிலுள்ள சான்று எளியவருக்கு எங்ஙனம் உதவும்?

இங்கிலாந்து இதற்கொரு வழி கண்டுள்ளது. 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், 235ஆம் பிரிவின்படி, உள்ளூராட்சி மன்ற உத்தியோகத்தர் அச்சட்டத்தின் தேவைகளுக்கு வேண்டிய பத்திரங்களைச் சமர்ப்பிக்குமாறு எழுத்துமூலம் கோரலாம். அவற்றைப் பிரதி செய்துகொள்ளவும் செய்யலாம். தகுந்த காரணமின்றி மறுத்தல் குற்றமாகும். 2025ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்போர் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே சென்று, வாடகைத் தொழில் நடத்தும் அலுவலகங்களுட் புகுந்து பத்திரங்களைக் கேட்டுப் பார்வையிடவும் வகை செய்துள்ளது.

பிறர் பெட்டியை அரசு திறந்து பார்ப்பது முறையோ என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. வாடகைப் பத்திரங்களில் வீட்டுக்காரரின் கணக்கு மட்டுமன்று, குடியிருப்போரின் வருமானமும் குடும்ப விபரமும் அடங்கியிருத்தல் கூடும். கேட்கும் அதிகாரத்துக்குச் சட்டம் வேலியும் இட்டிருக்கிறது: சட்டத்தரணியிடம் ஆலோசனை பெற்ற அந்தரங்கக் கடிதங்களைக் காட்டுமாறு எவரையும் வற்புறுத்த இயலாது. வேலி காக்கப்படும் வரையில் இவ்வதிகாரம் எளியவருக்குத் துணை என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும், உத்தியோகத்தர் வரும்வரை காத்திருப்பானேன்? ஒப்பமிடும் அன்றே ஒப்பந்தத்தின் பிரதியொன்றைக் கேட்டுப் பெறுங்கள். செலுத்தும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நம் பெட்டியில் உள்ள தாளே நமக்கு முதற்காவல்.