தூளிச் சேலையும் அந்துருண்டையும்



வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் முதல் வேலையாகப் பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறப்பார். தூளி கட்ட ஒரு பழைய நூல் சேலை, பிள்ளையைத் துடைக்க மெத்தென்ற வேட்டித் துணி, மூத்த பிள்ளைக்குப் போட்ட சட்டை எல்லாம் வெளியே வரும். கூடவே அந்துருண்டை வாசமும் வரும். அந்த வாசத்தைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். ஆனால் பச்சிளங் குழந்தைக்கு அது நல்ல வாசம் அல்ல. சில குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். காரணம் என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை இந்தப் பிரசுரம் விளக்குகிறது.

அந்துருண்டை எதனால் ஆனது?

பாச்சை உருண்டை என்றும் சொல்லப்படும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்ற ரசாயனத்தால் ஆனது. இது மரத்திலோ செடியிலோ கிடைப்பதல்ல. இரும்பு உருக்காலைகளில் நிலக்கரியைக் காற்றுப் புகாத அடுப்பில் சுட்டுக் கற்கரி ஆக்குகிறார்கள். அப்போது கருப்பான தார் வடிகிறது. அந்தத் தாரைக் காய்ச்சி வடித்தால் நாப்தலீன் பிரிந்து வரும். நம் நாட்டில் பிலாய், ரூர்கேலா போன்ற உருக்காலைகளில் இப்படிக் கிடைக்கிறது. 1821-ஆம் ஆண்டில் ஜான் கிட் என்ற ஆங்கிலேயர் இதன் குணங்களை ஆராய்ந்து எழுதி, இந்தப் பெயரையும் வைத்தார்.

10 கரி அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு வளையங்களாகச் சேர்ந்தது நாப்தலீன். சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகும். தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். தீப்பற்றினால் கரும்புகையோடு எரியும்.

இதன் முக்கியமான குணம், உருகாமலே ஆவியாவது. பெட்டியில் போட்ட உருண்டை நாளாக ஆகச் சிறுத்துப் போய்க் கடைசியில் காணாமல் போகிறதே, அது எங்கே போனது? ஆவியாகித் துணியிலும் அறைக் காற்றிலும் கலந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த ‘பதங்கமாதல்’ இதுதான். மூடிய பெட்டிக்குள் ஆவி நிறைவதால் பூச்சி சாகிறது. நமக்கு வாசம் வருகிறது என்றால் அந்த ஆவி நம் மூச்சிலும் போகிறது என்று பொருள்.

தொழிலில் இதன் பயன்

நாப்தலீன் தொழிலுக்கு வேண்டிய பொருள்தான். பெயின்ட், பிசின், பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள்கள் செய்யவும், சாயங்கள் செய்யவும் இது மூலப்பொருள். கான்கிரீட் கலவையில் தண்ணீரைக் குறைத்தும் இளக்கமாக வைக்கும் ஒரு வகை மருந்து இதிலிருந்து செய்யப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் நடக்கிறதே தோல் பதனிடும் தொழில், அதற்கான செயற்கைப் பதனிடு பொருள்களிலும் ஒரு வகை இதிலிருந்து வருவதுதான். இப்படி மாற்றிச் செய்த பொருள்கள் வேறு, நாப்தலீன் வேறு.

நாப்தலீனையே நேரடியாகக் கையாளும் ஆலையிலோ, உருண்டை அச்சிடும் பட்டறையிலோ வேலை செய்கிறவர்கள் காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு வேலை செய்ய வேண்டும். நீண்ட காலம் இந்த ஆவியில் இருந்த தொழிலாளர்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலிலும் 2002-இல் இது சேர்க்கப்பட்டது. வேலை முடிந்து வரும் தகப்பனார் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

குழந்தைக்கு என்ன கெடுதல்?

மூச்சு வழியாகவோ, தோல் வழியாகவோ, வாய் வழியாகவோ உடம்பில் சேரும் நாப்தலீன் அங்கே வேறு பொருள்களாக மாறுகிறது. அவை ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. பெரியவர்கள் உடம்பு ஓரளவுக்குச் சமாளிக்கும். பிறந்த குழந்தையின் உடம்புக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை.

சிவப்பணு உடைந்தால் குழந்தை வெளுக்கும், மஞ்சள் பூக்கும். மஞ்சள் அளவு மீறி மூளையில் படிந்தால் காது கேளாமை, கை கால் முறுக்கிக் கொள்ளுதல் போன்ற ஊனங்கள் வரும், உயிரும் போகலாம்.

1963-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை கிரேக்க நாட்டில் இப்படி நோயுற்ற 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றிக் கூறுகிறது. அவர்களில் 2 பேர் இறந்து போனார்கள். அந்துருண்டையோடு வைத்த துணியைச் சிலருக்குத்தான் உடுத்தியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அறைக் காற்றில் வந்த ஆவியே போதுமானதாக இருந்தது. ‘பிள்ளை மேல படலையே’ என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறோம். நாப்தலீன் எண்ணெயில் கரையும் என்று பார்த்தோமல்லவா? எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அந்துருண்டைத் துணி பட்டால் அது இன்னும் எளிதாக உள்ளே இறங்கும்.

‘நாங்க வளர்க்கலையா?’

“நாங்கெல்லாம் இந்த வாசத்துலதான் புள்ளை வளர்த்தோம், ஒண்ணும் ஆகலையே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே ‘ஜி-6-பி-டி’ என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கும். சிவப்பணுவைக் காக்கும் நொதி அது. அது குறைந்தவர்களுக்கு நாப்தலீன் பெரும் விஷம். மேற்சொன்ன 21 குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இந்தக் குறை இருந்தது. மீதிப் பேருக்கு இல்லை. ஆகவே குறை இல்லாத குழந்தைக்கும் பயம் உண்டு.

இந்தக் குறை தாய் வழியாக வருவது. ஆண் குழந்தைகளையே அதிகம் பாதிக்கும். தாய்க்கு எந்தக் கோளாறும் வெளியில் தெரியாமல் இருக்கலாம். எனவே “உன் வம்சத்து வியாதி” என்று மருமகளைக் குற்றம் சொல்வது அறியாமை. யார் உடம்பில் என்ன இருக்கிறது என்பது யார் கையிலும் இல்லை. பெட்டியில் எதைப் போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008 முதல் நாப்தலீன் அந்துருண்டை விற்பனைக்குத் தடை இருக்கிறது. நம் ஊரில் மளிகைக் கடையிலும் சந்தையிலும் கிடைக்கிறது. கவனம் நம்முடையதாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு

மசக்கைக் காலத்தில் சில பெண்களுக்கு மண், சாம்பல், அரிசி தின்ன ஆசை வரும். சிலருக்கு அந்துருண்டையை மோந்து பார்க்கத் தோன்றும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாயின் ரத்தத்தில் சேரும் நாப்தலீன் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். அப்படி ஆசை இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து மாத்திரை தருவார். கணவர் கேலி செய்யாமல், உருண்டைகளை வீட்டை விட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. நூல் துணிக்கு அந்துருண்டை தேவையே இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது பட்டும் கம்பளியும்தான். நூல் சேலையில் ராமபாணப் பூச்சியும் பாச்சையும் தேடி வருவது கஞ்சிப் பசையையும் அழுக்கையும். கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடிய டப்பாவில் வைத்தால் போதும்.

2. பட்டுச் சேலையை நூல் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது எடுத்து நிழலில் காற்றாட உதறி மடியுங்கள். காய்ந்த வேப்பிலையைத் துணிப் பையில் கட்டிப் போடலாம்.

3. குழந்தைத் துணிகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். ஏற்கெனவே அந்துருண்டையோடு இருந்த துணியானால், பிரசவத்துக்குப் பல வாரம் முன்பே எடுத்து, சில நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து மீண்டும் வெயிலில் காயவையுங்கள். வாசம் லேசாக இருந்தாலும் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம். துவைக்க முடியாத மெத்தை, தலையணையில் வாசம் ஏறியிருந்தால் அதையும் விலக்குங்கள்.

4. தாயும் பிள்ளையும் படுக்கும் அறையில் அந்துருண்டைப் பெட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. பெட்டியையே வேறு அறைக்கு மாற்றுவது நல்லது. பிள்ளையைப் பார்க்க வருகிற உறவினர் பெட்டியில் இருந்த சேலையைக் கட்டி வந்தால் தாயே பிள்ளையை மடியில் வைத்துக் காட்டட்டும்.

5. பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றி உருண்டைகளைப் போடுகிறார்கள். அதனால் பாம்பு ஓடிப் போகாது. தவழும் பிள்ளை அதை மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும்.

6. அரிசி, பருப்பு, விதை நெல் மூட்டைக்குள் போடாதீர்கள். விளக்கில் காட்டாதீர்கள், நெருப்பில் இடாதீர்கள். சூடத்தோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

பிள்ளை முழுங்கிவிட்டால்

சிறு பிள்ளைக்கு ஒரு உருண்டையே ஆபத்து. வாயில் மிச்சம் இருந்தால் விரலால் எடுத்து, ஈரத் துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், நெய், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். விஷத்துக்குப் பால் முறிவு என்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் நாப்தலீன் கொழுப்பில் கரைவதால் பால் கொடுத்தால் அது ரத்தத்தில் சீக்கிரம் சேரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உருண்டை வந்த பாக்கெட்டையோ, மிச்ச உருண்டையையோ கையோடு கொண்டு போங்கள். எல்லா வெள்ளை உருண்டையும் ஒன்றல்ல. கற்பூரம் தண்ணீரில் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கலந்த நீரில் நாப்தலீன் மிதக்கும். கழிவறையில் போடும் பாராடைகுளோரோபென்சீன் அதிலும் மூழ்கும். இது மருத்துவருக்கு உதவும். வீட்டில் சோதித்துப் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். கற்பூரமானால் சற்று நேரத்திலேயே வலிப்பு வரலாம்.

நாப்தலீனில் அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். ‘புள்ளை நல்லாத்தானே விளையாடுது’ என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போதல், வெளுத்தல், கண் மஞ்சளாதல், சோர்வு, மூச்சு வாங்குதல் இவை ஆபத்தின் அடையாளம்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிந்தால்

இரண்டு மூன்று நாளில் லேசாக மஞ்சள் தெரிந்து தானே குறைவது பல குழந்தைகளுக்கு உண்டு. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலும், அழுகை கீச்சென்று மாறினாலும் அதே நேரத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளவெயிலில் காட்டுவதும், மந்திரிப்பதும், சூடு போடுவதும் சிகிச்சை ஆகாது. மருத்துவமனையில் நீல ஒளி விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். தேவைப்பட்டால் ரத்தம் மாற்றுவார்கள். தக்க நேரத்தில் போனால் பிள்ளையைக் காப்பாற்றலாம். வீட்டில் அந்துருண்டை இருந்ததை டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். நொதிக் குறை உள்ளதா என்று அறிய ரத்தப் பரிசோதனை உண்டு. குறை இருப்பது தெரிந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்து, எந்த மருந்து வாங்கும்போதும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரு வேண்டுகோள். பிரசவத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்ததும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மாவிடமும் மாமியாரிடமும் இந்தப் பிரசுரத்தைப் படித்துக் காட்டுங்கள். தூளிக்குப் பாட்டியின் சேலையைத் தாராளமாகக் கட்டுங்கள். வெயிலில் காய்ந்த வாசம் மட்டும் அதில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.