சூசையப்பர் வைத்த பெயர்

(வானொலியில் ஒலிபரப்பான மறைச்சிந்தனையின் எழுத்து வடிவம்)



மத்தேயு நற்செய்தி ஒரு நீண்ட பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. ஆபிரகாமில் ஆரம்பித்து, தாவீது வழியாக, யோசேப்பு வரை வருகிறது. திருப்பலியில் அது வாசிக்கப்படும்போது நம்மில் பலர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிற்போம். ஆனால் அதன் கடைசிப் படியைக் கவனியுங்கள். தந்தைக்கு மகன் பிறந்தார் என்றே எழுதிக்கொண்டு வந்த நற்செய்தியாளர், யோசேப்பிடம் வந்ததும் அந்த வாய்பாட்டை விட்டுவிடுகிறார். யோசேப்பை மரியாவின் கணவர் என்று மட்டும் சொல்லி, இயேசு மரியாவிடம் பிறந்ததாக எழுதுகிறார். அப்படியானால் இயேசு தாவீதின் மரபில் வந்தவர் என்று எப்படிச் சொல்கிறோம்? விடை அதே அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. வானதூதர் கட்டளையிட்டபடி யோசேப்பு குழந்தைக்குப் பெயரிடுகிறார். யூத மரபில் பெயரிடுகிற தகப்பன், இது என் பிள்ளை என்று சட்டத்தின்முன் ஏற்றுக்கொள்கிறான். குருதி வழியாக வராத தாவீதின் மரபுரிமை, பெயர் சொன்ன அந்த வாயின் வழியாக வந்து சேர்ந்தது.

மார்ச் மாதம் சூசையப்பருக்கு உரியது. ஆகவே தத்து எடுப்பது பற்றிப் பேச இதுவே நல்ல சமயம்.

திருமணமாகிப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து என்னைத் தேடி வரும் தம்பதியர் உண்டு. வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டியிருப்பார்கள். மருத்துவமனைகளுக்கு நகையை விற்றுக் கொடுத்திருப்பார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: "சாமி, சிஸ்டர் மடத்துல சொன்னா ஒரு குழந்தை கிடைக்குமா?"

கிடைக்காது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு காலத்தில் நம் அருள்சகோதரிகள் நடத்திய இல்லங்களிலிருந்து பங்குத்தந்தையின் கடிதத்தோடு குழந்தையைப் பெற்று வந்தவர்கள் உண்டு. இன்று எந்த மடமும், எந்த இல்லமும், எந்த குருவும் தானாக ஒரு குழந்தையைக் கொடுக்க முடியாது. அன்னை தெரசா தொடங்கிய அன்பின் பணியாளர் சபையினர், புதிய விதிகளில் சிலவற்றை ஏற்க இயலாமல் 2015-இல் தத்து கொடுக்கும் பணியையே நிறுத்திக்கொண்டார்கள். இப்போது வழி ஒன்றுதான். டெல்லியிலுள்ள மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'காரா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நாம் கிறிஸ்தவர்கள் என்பதால் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்று இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, புத்த, சமண, சீக்கிய மக்களுக்கு மட்டுமே உரியது. நமக்கும் இஸ்லாமியருக்கும் பார்சிகளுக்கும் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான் இருந்தது. அதன்படி நீங்கள் குழந்தையின் பாதுகாவலர். தாய் தந்தை அல்ல. பதினெட்டு வயது நிறைந்தால் அந்த உறவும் சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். 2006-இல் இளைஞர் நீதிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம்தான் எல்லா மதத்தினருக்கும் முழுமையான தத்தெடுப்புக்கு வழி திறந்தது. 2015-ஆம் ஆண்டின் சட்டம் அதை உறுதி செய்தது. இந்தச் சட்டப்படி வருகிற பிள்ளை, வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் உள்ள பிள்ளை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பங்குகளில் வயதானவர்கள் சிலர் அந்தப் பழைய முறையில் பிள்ளை வளர்த்தவர்கள். இன்னும் சிலர் தம்பி பிள்ளையையோ அக்கா பிள்ளையையோ முத்திரைத் தாளில் எழுதி வாங்கி வளர்த்தவர்கள். அன்பில் குறை இல்லை. ஆனால் கிறிஸ்தவர்களுடைய சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரிகிறது. அதன்முன் அந்த முத்திரைத் தாள் நிற்காது. பெரியவர் கண்ணை மூடியதும் பங்காளிகள் வந்து நிற்பார்கள். இருபத்தைந்து ஆண்டு 'அப்பா' என்று கூப்பிட்ட பிள்ளை, நாற்பது நாள் பூசை முடியுமுன்னே வீட்டுக்கு வெளியே நிற்கும். அப்படி வளர்த்தவர்கள் இன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். வளரும் பிள்ளை இன்னும் சிறுவயது என்றால், உறவினர் பிள்ளையைச் சட்டப்படி தத்து எடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. அதற்கும் காராவில் பதிவு வேண்டும், மாவட்ட ஆட்சியரின் ஆணை வேண்டும்.

இனி நடைமுறை. கணவன் மனைவி இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. குழந்தையின் வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி இருக்க வேண்டும். பதிவு செய்தபின் ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார். வருமானம், உடல்நலம், மனநிலை எல்லாம் கேட்பார். சிலருக்கு இது அவமானமாகப் படுகிறது. "எங்களைச் சந்தேகப்படுகிறார்களா?" என்று கேட்கிறார்கள். பெண் கொடுக்கும்போது நாம் விசாரிக்காமலா கொடுக்கிறோம்? பேசத் தெரியாத ஒரு குழந்தைக்காக யாராவது விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு காத்திருப்பு. நல்ல உடல்நலமுள்ள கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆகிறது. முறை வந்ததும் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ விவரமும் வரும். 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அதன்பின் குழந்தை முதலில் உங்கள் பராமரிப்புக்கு வருகிறது. ஆட்சியரின் ஆணை பின்னால் வருகிறது. முன்பு நீதிமன்றம் தந்த ஆணையை 2022 செப்டம்பர் முதல் ஆட்சியரே தருகிறார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

காத்திருக்கும் இந்தக் காலத்தில்தான் சோதனை வரும். யாரோ ஒரு தரகர், ஏதோ ஒரு நர்சிங் ஹோம் ஆயா, "நேரா கையில தர்றோம், பிறப்புச் சான்றிதழே உங்க பேர்ல" என்பார்கள். 2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு தமிழ்நாடு முழுவதும் கேட்டது நினைவிருக்கலாம். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல். ஆனால் சிறையைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது? ஏமாற்றிப் பறித்ததா, கடனுக்கு எழுதிக் கொடுத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. சட்டப்படி குழந்தையை ஒப்படைக்கிற தாய் குழந்தைகள் நலக் குழுவின்முன் கையெழுத்திடுகிறாள். மனம் மாறித் திரும்பி வர அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. பெற்ற மனம் அழுது திரும்ப ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தரகரிடம் வாங்குகிறவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வருகிறார். நம் பொது அறிக்கையின்போது இதைச் சின்னப் பிழையாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, வீட்டுக்குள்ளே கேட்கிற கேள்வி: "யாரு ரத்தமோ, எந்த சாதியோ?" பெரும்பாலும் பாட்டிமார் கேட்பார்கள், மற்றவர்கள் மனத்துக்குள் வைத்திருப்பார்கள். இணையதளத்தில் சாதி கேட்டுப் பிள்ளை தேட முடியாது. நல்லதாயிற்று. பவுல் அடியார் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதிய திருமுகங்களில், கடவுள் நம்மைப் பிள்ளைகளாக்கியதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த கிரேக்கச் சொல், தத்து எடுத்தலைக் குறிக்கும் சட்டச் சொல். உரோமை நாட்டில் தத்துப் பிள்ளை அரைகுறை வாரிசு அல்ல. சீசர் தத்து எடுத்த அகுஸ்து பேரரசராகவே ஆனார். திருமுழுக்கில் நாம் எல்லாரும் அப்படி வந்தவர்கள்தாம். பீடத்தின்முன் நின்று விண்ணகத் தந்தையை அப்பா என்று அழைத்துவிட்டு, வீட்டில் வந்து ரத்தம் பார்க்கிறவர் எந்தச் செபத்தைச் சொன்னார் என்று எனக்குப் புரிவதில்லை. ஆனாலும் ஒன்று: வீட்டிலுள்ள பெரியவர்கள் மனம் ஒப்பும்வரை பேசுங்கள். அவர்களை மீறிக் குழந்தையைக் கொண்டுவந்தால் அந்தக் கசப்பு குழந்தையின் சோற்றில்தான் விழும்.

நான் மிக முக்கியமாக நினைப்பது இனிமேல் சொல்லப்போவது. குழந்தையிடம் சொல்லுங்கள். தத்து எடுத்த விவரத்தை மறைக்காதீர்கள்.

பெற்றோர் பலர் இதைக் கேட்டதும் பதறுகிறார்கள். "சொன்னா எங்கள விட்டுப் போயிடுமே சாமி!" ஊரை மாற்றுகிறார்கள். வயிற்றில் துணி கட்டிக்கொண்டு ஆறு மாதம் நடந்த பெண்களும் உண்டு. மலடி என்ற சொல்லுக்குப் பயந்து செய்வது. அந்தப் பயத்தை உண்டாக்கியது நம் ஊர்ப் பேச்சு. ஆனால் இது மறைகிற விஷயமா? உறவினர் நாற்பது பேருக்குத் தெரியும். கல்யாண வீட்டில், சொத்துத் தகராறில், பள்ளிக்கூட மைதானத்தில் யாராவது ஒருவர் வாய் திறப்பார். சில பிள்ளைகள் திருமண ஓலை வாசிக்கும் சமயத்தில், திருமுழுக்குச் சான்றிதழுக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டும்போது அறிந்துகொள்கிறார்கள். இருபத்தாறு வயதில், பங்கு அலுவலக மேசையின்முன். அந்த வயதில் அவர்களைச் சுடுவது தத்துப் பிள்ளை என்ற செய்தியைவிட, இத்தனை நாள் எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்பதுதான். அதுவரை பெற்ற அன்பையும் சேர்த்துச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகவே பள்ளியில் சேர்க்கும் முன்பே தொடங்கிவிடுங்கள். உட்காரவைத்து ஒருநாள் பெரிய செய்தியாக அறிவிப்பது வேண்டாம். தூங்கவைக்கும்போது கதையாகச் சொல்லலாம்: அம்மாவும் அப்பாவும் ரொம்ப நாள் காத்திருந்தோம், ஒருநாள் உன் போட்டோ வந்தது, ரயில் ஏறி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டோம். குழந்தை அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். வீட்டுக்கு வந்த நாளைப் பிறந்தநாளைப் போலக் கொண்டாடுகிற குடும்பங்கள் உண்டு, நல்ல வழக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கடினமான கேள்வி வரும்: "என்னைப் பெத்தவங்க ஏன் விட்டுட்டாங்க?" தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். பெற்றவளை ஏசாதீர்கள். அவள் அந்தக் குழந்தையைப் பத்து மாதம் சுமந்து, உயிரோடு ஒருவர் கையில் சேர்த்தவள். 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதுக்குப்பின் தன் வேர்களைப் பற்றி விசாரிக்கப் பிள்ளைக்கு விதிகளே உரிமை தருகின்றன. விசாரித்தால் உங்களை வெறுக்கிறது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று பிள்ளைகளைக் கேலி செய்வது நம் வீடுகளில் சாதாரணம். தத்துப் பிள்ளை இருக்கிற வீட்டில், அந்தத் தெருவில்கூட, அந்தக் கேலி வேண்டாம். அன்பியக் கூட்டங்களில் "யார் ஜாடை?" என்று கேட்பதையும் விட்டுவிடலாம்.

எல்லாருக்கும் கைக்குழந்தைதான் வேண்டும் என்பதால், ஐந்து வயது தாண்டியவர்களும் உடல்குறை உள்ளவர்களும் இல்லங்களிலேயே வளர்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்காக நீண்ட காத்திருப்பு கிடையாது. ஆனால் அவசரப்பட்டு இரக்கத்தில் எடுக்காதீர்கள். பெரிய குழந்தை உங்களைச் சோதிக்கும். திருடும், பொய் சொல்லும், கட்டிலுக்கடியில் சோற்றை ஒளித்துவைக்கும். சில வீடுகள் தாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளை இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறது. முடியுமா என்று செபித்துப் பாருங்கள். ஏற்கெனவே இப்படி வளர்க்கிறவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

தத்து எடுக்க இயலாதவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழியும் உண்டு. தாயோ தந்தையோ சிறையிலோ நோயிலோ இருக்கும் பிள்ளையைச் சில காலம் வீட்டில் வைத்து வளர்ப்பது. இது தத்து அல்ல. பிள்ளை பெற்றோரிடம் திரும்பிப் போகலாம், போவதே நல்லதாகவும் இருக்கலாம். சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட, நடுவயதுத் தம்பதியருக்கு இது ஏற்ற பணி என்று நான் நினைக்கிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். இந்தப் பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் திருமுழுக்குக்குக் கொண்டுவரக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

தத்துப் பிள்ளைகளின் திருமுழுக்குப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். நாட்டின் சட்டப்படி தத்து எடுத்த பிள்ளையைத் திருஅவைச் சட்டம் 110-ஆம் எண்ணில் அந்தப் பெற்றோரின் பிள்ளையாகவே ஏற்கிறது. அதனால்தான், தத்து வழி வந்த அண்ணன் தங்கைக்குள் திருமணமும் செல்லாது என்கிறது. ஆட்சியரின் ஆணை நகல், பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் கூப்பிடுங்கள். பதிவேட்டில் தாய் தந்தை என்று உங்கள் பெயர்தான் எழுதப்படும். மூன்று, நான்கு வயதில் வருகிற குழந்தை ஏற்கெனவே ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கும். இல்லத்தில் யாரோ வைத்த பெயராக இருக்கலாம். அதை அழிக்கத் தேவையில்லை. புனிதர் பெயரை அதோடு சேர்த்தே எழுதிக்கொள்ளலாம்.