காலாப்பட்டில் குடுவையில் பிடித்த காற்று

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில், செப்பெலின் மலைமேல் ஒரு வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. உயரம் சுமார் 475 மீட்டர். பெருநகரப் புகை அண்டாத இடம் என்பதால், அங்கே அளக்கும் கரியமில வாயுவும் மீத்தேனும் வடகோளக் காற்றின் பொது நிலையைக் காட்டுகின்றன. மலையடிவாரத்து ஊரில்தான் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் இயங்குகிறது.

ஆனால் எந்த வாயு எங்கிருந்து கிளம்பியது என்பதைத் துருவத்தில் மட்டும் கருவி வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலும் அளக்க வேண்டும். வெப்பமண்டல நாடுகளில் அப்படிப்பட்ட நிலையங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க நடந்த முயற்சிகளில் ஒன்று நம் காலாப்பட்டில் நடந்தது.

லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகம் ஆகிய மூன்று இடங்களில் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகள் காற்று மாதிரி எடுத்தார்கள். இங்கே மாடியில் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து பம்ப் மூலம் காற்றை இழுத்து, ஈரத்தைப் போக்கி, ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்தார்கள். நண்பகல் கழிந்து, கடற்காற்று கரையேறும் நேரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். பிறகு குடுவைகள் பாரிஸ் அருகே உள்ள ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஆறு வாயுக்களை அளந்தார்கள். 2007 முதல் 2011 வரையிலான முடிவுகள் 2015இல் வெளிவந்தன.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இன்று காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 420 கரியமில வாயு. வடகோள நிலையங்களின் அளவுகள் 0.1க்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் இலக்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ சுமார் 40,000! குழாய் வாயருகே ஒருவர் மூச்சு விட்டால் போதும், அந்த மாதிரி வீண்.

வாடை வீசும் மாதங்களில் வடஇந்தியச் சமவெளியையும் வங்கக் கடலையும் தொட்ட காற்று புதுச்சேரிக்கு வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் பூமத்தியரேகைக்குத் தெற்கிலிருந்து கிளம்பிய காற்று தென்னிந்தியாவைக் கடந்து வருகிறது. இரண்டையும் பிடிக்க ஒரே கம்பம் போதும்.

எரித்த நிலக்கரி, நெல்வயல், மாடுகள் என்று எண்ணித்தான் ஒரு நாட்டின் வாயு வெளியீட்டைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்று சோதிக்க நேரடிக் காற்றளவு வேண்டும். துருவ ஆய்வுக்குக் காட்டும் அக்கறையோடு, நம் கடலோரத்திலும் நிரந்தர அளவீட்டு நிலையங்கள் அமைக்க மத்திய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.