காலேஜ் லேபிலிருந்து விண்வெளிக்கு: அனுசாட் சாதித்தது என்ன?

கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் இருக்கிறவங்களுக்கு ராக்கெட் கிளம்புவது புதுசில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ஆனா, 2009 ஏப்ரல் 20-ல் பறந்த பிஎஸ்எல்வி-சி12 கொஞ்சம் ஸ்பெஷல். ரிசாட்-2 உடன் அதில் போனது, சுமார் 40 கிலோ எடையுள்ள அனுசாட். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள்!

யார் செய்தது? அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்ஐடி. இஸ்ரோ வழிகாட்ட, அண்ணா பல்கலைக்கழக டீம் உருவாக்கியது.

என்ன வேலை? ஓரிடத்தில் தகவலை வாங்கிவைத்து, வேறிடத்துக்கு மேலே வரும்போது இறக்கிவிடும். வானத்துத் தபால்காரர் மாதிரி.

ஏன் முக்கியம்? பரீட்சையில் கோட்டைவிட்டா அரியர் எழுதலாம்; மேலே போன செயற்கைக்கோளைக் கழற்றி ரிப்பேர் பண்ண முடியாது. அந்த ரிஸ்க்கை ஒரு காலேஜ் வளாகம் எடுத்தது. அனுசாட் 2012 வரை பூமியைச் சுற்றியது. அதற்குள் 2011-ல் எஸ்ஆர்எம்சாட் பறந்தது, 2016-ல் சத்யபாமாசாட்.