அட்மிஷன் கிடைத்துவிட்டது, அப்புறம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நம் வீடுகளில் என்ன பேச்சு? எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், பஸ் வசதி உண்டா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பாத்ரூம் சுத்தமாக இருக்குமா - இதுதானே! அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சின்ன விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சில பிள்ளைகள் படிப்பை முடிப்பதும் பாதியில் விடுவதும் இதில்தான் இருக்கிறது.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பல வருஷம் ஹாஸ்டல் வார்டனாகவும் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய் உடல்நலம் பற்றிப் பேசுவதுண்டு. ஓர் ஊரில் வழக்கம்போல், "தினமும் எட்டு டம்ளர் தண்ணியாவது குடிக்கணும்" என்று சொல்லி முடித்தேன். எல்லோரும் கலைந்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். பி.காம். மூன்றாம் வருஷம். திருநங்கை.

"எட்டு டம்ளர் தண்ணி குடிச்சா நான் எங்கே மேடம் போறது?" என்றாள்.

ஆண்கள் பக்கம் போனால் கேலி. சில நாள் அதைவிட மோசம். பெண்கள் பக்கம் போனால் ஆயாம்மா வாசலிலேயே தடுக்கிறாள். காலையில் ஒரு காபியோடு கிளம்பினால், சாயங்காலம் வீடு திரும்பும்வரை வாயில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. அடிக்கடி நீர்க்கடுப்பு, ஜுரம். லீவு போட்டுப் போட்டு அட்டெண்டன்ஸ் குறைந்து, பரீட்சை எழுத முடியுமோ முடியாதோ என்ற நிலை.

இந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததா? கழிப்பறையே இல்லாத பள்ளிக்கூடங்களில் படித்து, அடக்கி அடக்கியே வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சிறுநீரைத் தேக்கி வைத்தால் கிருமி பெருக இடம் கொடுக்கிறோம். தண்ணீரையும் குறைத்துக்கொண்டால் மலச்சிக்கல், தலைவலி, நாளடைவில் சிறுநீரகக் கல் என்று ஒவ்வொன்றாக வரும். பத்தொன்பது, இருபது வயதில் இது தேவையா?

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆணாகப் பிறந்ததாகப் பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்கிறவர் திருநங்கை. பெண்ணென்று பதிவாகி ஆணாக உணர்கிறவர் திருநம்பி. பிறப்பிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற இரண்டுக்கும் முழுதாகப் பொருந்தாதவர்கள் ஊடுபால் கொண்டவர்கள். தன் பாலினத்தவர் மீதே நாட்டம் கொள்வது தன்பாலீர்ப்பு. மரியாதையான இந்தச் சொற்களைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. பழைய ஏச்சு வார்த்தைகள் இனி நம் வீட்டுக் கூடத்தில்கூட வேண்டாமே.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைப்பதில் 2008-லேயே தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அதே 2014-இல்தான் கிரேஸ் பானு அரக்கோணத்தில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கப் போன முதல் திருநங்கை. தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்ற தீர்ப்பு 2018 செப்டம்பர் 6-இல் வந்தது. கேரள அரசும் அந்த வருஷமே பல்கலைக்கழகங்களிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஒவ்வொரு படிப்புக்கும் திருநர் மாணவர்களுக்கென்று இரண்டு இடங்களைக் கூடுதலாக அனுமதித்தது.

நல்லதுதான். ஆனால் வார்டன் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சீட் கொடுப்பது சுலபம், கட்டில் கொடுப்பதுதான் கஷ்டம். வீட்டில் துரத்தப்பட்ட பிள்ளைக்கு ஊரில் யார் வாடகைக்கு அறை தருகிறார்கள்? ஹாஸ்டலும் இல்லையென்றால் அந்த சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மனம் இருந்தால் வழி உண்டு. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகம் 2018-லேயே பெண்கள் விடுதியின் தரைத்தளத்தைப் பாலின வேறுபாடின்றித் தங்கும் இடமாக ஒதுக்கியது. ஹைதராபாத்தில் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் 2022-இல் அதுபோலவே ஒரு விடுதியின் தரைத்தளத்தை ஒதுக்கியது. புதுக் கட்டடம் ஒன்றும் எழுப்பவில்லை, பாருங்கள்; இருக்கிற தளத்தைத்தான் மாற்றினார்கள்.

"எங்க பொண்ணு இருக்கற ஹாஸ்டல்ல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். பயம் நியாயம்தான். அதற்குப் பதில், உள்ளே நல்ல தாழ்ப்பாள் உள்ள தனித்தனி அறைகள். கழிப்பறைக்கும் அதேதான். கட்டடத்தின் கோடியில் ஒன்றைக் கட்டி 'மூன்றாம் பாலினத்தவர்' என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் போகிற பிள்ளையை ஊருக்கே தண்டோரா போட்டுக் காட்டுவதுபோல் ஆகிவிடும். எல்லோரும் நடமாடும் இடத்தில், 'அனைவருக்கும்' என்று எழுதிய ஒற்றை அறை போதும். காலில் கட்டுப் போட்ட பிள்ளைக்கும், கைக்குழந்தையோடு வரும் ஆசிரியைக்கும் அது உதவும்.

அடுத்தது பெயர். மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆள் வேறு தோற்றம். தினமும் முதல் பீரியடில் பழைய பெயரைக் கூப்பிட, வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரிக்க, அந்தப் பிள்ளை "பிரஸன்ட்" சொல்ல வேண்டும்! கல்விப் பதிவேடுகளில் பெயர், பாலின மாற்றத்துக்கு வழி செய்யச் சொல்லி 2021 ஜூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆபீஸ் பேப்பர் நகர மாசக்கணக்கில் ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். அதுவரை ரோல் நம்பரைச் சொல்லிக் கூப்பிடலாமே, காலணா செலவா?

அந்தத் தீர்ப்பு பிறந்ததே இரண்டு இளம்பெண்களால்தான். ஒருவரையொருவர் நேசித்த அவர்கள், பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். அவரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பிரின்ஸிபால்கள் ஒரு பிற்பகல் ஒதுக்கக் கூடாதா?

தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் கஷ்டம் வேறு மாதிரி. வெளியே தெரியாது, தெரிந்துவிடுமோ என்பதே பயம். நான் வார்டனாக இருந்தபோது ஒரு தாயார் போன் செய்தார். "என் பொண்ணும் அவ ரூம்மேட்டும் ஒரு மாதிரின்னு சொல்றாங்க. ரெண்டு பேரையும் பிரிச்சு விடுங்க. அவ டைரியைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்."

"டைரியை நான் தொட மாட்டேம்மா," என்றேன். "பொண்ணு சாப்பிடறா, படிக்கறா, நல்லா இருக்கா. உங்ககிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா, அவளே சொல்ற மாதிரி நீங்க நடந்துக்குங்க."

தாயாருக்குக் கோபம்தான். அந்தப் பெண் டிகிரியை முடித்துவிட்டுத்தான் வெளியே போனாள். அன்று நான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் மறுநாளே பெட்டி படுக்கையோடு அழைத்துப் போயிருப்பார்கள். மூன்றே மாதத்தில் கல்யாணம். கல்லூரிக் கவுன்சலருக்கு முதல் தகுதி, கேட்டதை வெளியே விடாத வாய்தான். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை அவரிடம் போகும்?

"டாக்டரிடம் காட்டிச் சரிபண்ணிடலாமே" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திருநராக இருப்பதும் 2019-இல் மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மருந்தும் ஷாக்கும் கொடுப்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் தடை செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அப்படிப்பட்டவரிடம் கொட்டும் பணத்தைப் பிள்ளையின் ஃபீஸுக்குக் கட்டுங்கள்.

ஃபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. உயர்கல்வி படிக்கும் திருநர் மாணவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்து, நலவாரியத்துக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. தெரிந்த குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், கல்லூரி அலுவலகத்திலும் மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்கு அடுத்த தடவை போகும்போது மெஸ் பில்லோடு இதையும் கேட்டு வையுங்கள்: எல்லோரும் போகிற மாதிரி ஒரு கழிப்பறை இருக்கிறதா? கவுன்சலர் உண்டா, எந்த நாளில் வருகிறார்? கேலி செய்தால் யாரிடம் புகார் கொடுப்பது? பாலினத்தையோ பாலீர்ப்பையோ சொல்லிக் கொடுமைப்படுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதியையே திருத்தியிருக்கிறது. கல்லூரியில் காது கொடுக்காவிட்டால் ராகிங் தடுப்பு உதவி எண் இருக்கிறது: 1800-180-5522. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.